டே கேர் தேடும் பெற்றோருக்கு: ‘ஆர் அண்ட் ஆர்’ என்றால் என்ன?

“அம்மா இன்னும் மூணு வாரத்துல ஊருக்குத் திரும்பறாங்க. பாப்பாவுக்கு அஞ்சு மாசம். கூப்பிட்ட டே கேர் எல்லாத்துலயும் இடம் இல்லைங்கறாங்க. யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்.”

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் ஏதாவது ஒரு தமிழ் வாட்ஸ்ஆப் குழுவில் நீங்கள் இருந்தால் இந்தச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். விசிட்டர் விசாவில் வரும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ பெரும்பாலும் ஆறு மாதம்தான் தங்க அனுமதி. அது முடிகிற நேரத்தில்தான் டே கேர் தேடல் சூடுபிடிக்கும்.

வழக்கமாக மூன்று விதமான பதில்கள் வரும். “எங்க பொண்ணு போன இடம் ரொம்ப நல்லா இருந்தது. ஆனா ஒரு வருஷம் வெயிட்லிஸ்ட்.” “எனக்குத் தெரிஞ்ச ஆன்ட்டி ஒருத்தங்க வீட்டுலயே நாலஞ்சு குழந்தைங்களைப் பாத்துக்கறாங்க, நம்பர் தனியா அனுப்பறேன்.” பிறகு மூன்றாவது: “ஆர் அண்ட் ஆர்னு ஏதோ கவர்மென்ட் ஏற்பாடு இருக்கு. ஆனா அது லோ இன்கம் ஃபேமிலிக்குத்தான், நமக்கெல்லாம் இல்ல.”

முதல் பதில் உண்மை, ஆனால் அவசரத்துக்கு உதவாது. இரண்டாவதில் ஆபத்து இருக்கலாம். மூன்றாவது முழுத் தவறு. என் மூத்தவள் பிறந்தபோது நானும் அந்த மூன்றாவது பதிலை அப்படியே நம்பினேன். நான்கு மாதம் கூகுள் மேப்பில் ‘டே கேர்’ என்று தட்டித் தட்டி, கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். அந்த நான்கு மாதத்தை வேறு யாரும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவை வைத்தே விளக்குகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் கடைசியில் சொல்ல ஒன்று இருக்கிறது.

மூன்று கேள்விகள், மூன்று அலுவலகங்கள்

ஊரில் பிள்ளைக்கு ஸ்கூல் வேன் ஏற்பாடு செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தெருவுக்கு எந்தெந்த வேன் வருகிறது என்று விசாரிப்பது ஒரு வேலை. அந்த வேன் ஓடத் தகுதியானதா என்று பார்த்து எஃப்.சி. கொடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸின் வேலை. மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்பது மூன்றாவது விஷயம். இந்த மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை.

டே கேர் விஷயத்தில் மட்டும் குழப்பிக்கொள்கிறோம். எங்கே இடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆர் அண்ட் ஆர். ‘ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல்’ என்பதன் சுருக்கம் அது. அரசுப் பணத்தில் நடக்கும் தகவல் சேவை. பெரும்பாலும் லாபநோக்கற்ற அமைப்புகள் நடத்துகின்றன. அந்த இடம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது மாநிலத்தின் சமூக சேவைத் துறையில் இருக்கும் லைசென்ஸ் பிரிவு. கட்டணத்தில் உதவுவது மானியத் திட்டங்கள்.

வருமான வரம்பு இருப்பது மூன்றாவதுக்கு மட்டும்தான். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவரும் ஆப்பிளில் வேலை பார்க்கிறவரும் ஆர் அண்ட் ஆரைக் கூப்பிடலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. விசா என்ன என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் ‘லோ இன்கம்’ என்ற பேச்சு எப்படி வந்தது? பல ஊர்களில் ஒரே அமைப்புதான் ஆர் அண்ட் ஆர் சேவையையும் மானியத் திட்டத்தையும் சேர்த்து நடத்துகிறது. அவர்களுடைய இணையதளத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வருமான வரம்பு அட்டவணை. அதைப் பார்த்ததும் மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் மூடினேன். அதே பக்கத்தில் ‘குழந்தைப் பராமரிப்பு தேட’ என்று இன்னொரு பொத்தான் இருந்திருக்கிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: தேட உதவுவது ஒருவர், லைசென்ஸ் கொடுப்பது ஒருவர், பண உதவி செய்வது ஒருவர். முதல் இரண்டும் எல்லாருக்கும் பொது.

ஜாதகப் பரிவர்த்தனை நிலையம் மாதிரி

ஆர் அண்ட் ஆர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஜாதகப் பரிவர்த்தனை நிலையத்தை நினைத்தால் போதும். அங்கே கல்யாணத் தரகர் மாதிரி யாரும் “தங்கமான பையன், கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்” என்று சொல்ல மாட்டார்கள். பதிவேடுகள் இருக்கும். வயது, படிப்பு, நட்சத்திரம், ஊர் என்று நாம் கேட்பதற்கு ஏற்ப எடுத்துக் காட்டுவார்கள். நாலைந்து முகவரிகளைக் குறித்துக்கொண்டு வருவோம். போய்ப் பார்ப்பதும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் நம் பொறுப்பு.

ஆர் அண்ட் ஆரும் அப்படியே. தன் எல்லைக்குள் லைசென்ஸ் பெற்று நடக்கும் டே கேர்களின் விவரங்களை வைத்திருக்கிறது: எந்த வயதுக் குழந்தைகளை எடுக்கிறார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், இப்போது இடம் காலியா என்றெல்லாம். நீங்கள் கூப்பிட்டால் அங்கிருக்கும் ஆலோசகர் உங்கள் ஜிப் கோட், குழந்தையின் வயது, எந்தத் தேதியிலிருந்து வேண்டும், எந்த நேரம், வீட்டருகிலா ஆபீஸ் போகும் வழியிலா, குழந்தைக்குத் தனிக் கவனம் ஏதாவது தேவையா என்று கேட்பார். பொருந்துகிறவற்றின் பட்டியலை அனுப்புவார். இந்தப் பட்டியலுக்குத்தான் ‘ரெஃபரல்’ என்று பெயர்.

இந்த ஒரு சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் ‘பரிந்துரை’ என்று சொல்லிவிடுகிறோம். பரிந்துரை என்றதும் சிபாரிசு என்று மனது எடுத்துக்கொள்கிறது. அரசே சிபாரிசு செய்த டே கேர் என்ற நம்பிக்கையில் ஒரு தடவைகூட நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ரெஃபரல் என்பது தகவல். “இந்த இடத்துக்கு லைசென்ஸ் இருக்கிறது, நீங்கள் கேட்ட வயதை எடுக்கிறார்கள்” என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. லைசென்ஸ் ரத்தான இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்கு வடிகட்டி வருகிறது, அவ்வளவுதான்.

“உங்களுக்குத் தெரிஞ்சதுல எது பெஸ்ட்?” என்று கேட்டால் ஆலோசகர் சொல்ல மாட்டார். சிலர் இதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் இடம் ஒருவருக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்க முடியாது. தவிர, சத்தமான பெரிய வகுப்பில் ஒரு குழந்தை பூத்துப்போகும், இன்னொன்று ஒடுங்கிப்போகும். அதைப் போனில் கேட்டுச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் “நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். அரை மணி நேரம்கூடப் பொறுமையாகச் சொல்வார்கள். கேள்விப் பட்டியலும் அனுப்புவார்கள்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது?

நம் ஊரில் அங்கன்வாடி எங்கே என்று யாரும் தேடி அலைவதில்லை. ஊருக்கு ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு பொது அமைப்பு உருவாகவில்லை. நாடு முழுவதும் குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கு வழி செய்யும் சட்டம் 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறியது. அதிபர் நிக்சன் அதைத் தன் அதிகாரத்தால் நிறுத்திவிட்டார். அதன் பிறகு இங்கே பராமரிப்பு என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடங்களாகச் சிதறியே வளர்ந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒன்று, தெருமுனை வீட்டின் வரவேற்பறையில் ஒன்று. எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே இடத்தில் பட்டியல் இல்லை.

அந்தப் பட்டியலைப் பெண்கள் தாங்களே போட ஆரம்பித்தார்கள். பே ஏரியாவின் பெர்க்லி, ஓக்லண்ட் பகுதியில் 1973-இல் அப்படித் தொடங்கியதுதான் ‘பனானாஸ்’. இன்றைக்கும் அந்தப் பகுதிக்கு அதுதான் ஆர் அண்ட் ஆர். 1976-இல் கலிஃபோர்னியா மாநிலம் இந்தச் சேவைக்குப் பொதுப்பணம் ஒதுக்கத் தொடங்கியது. இப்போது மாநிலத்தின் 58 கவுன்ட்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இது இருக்கிறது. பெரிய கவுன்ட்டி என்றால் பகுதி பிரித்துக்கொள்வார்கள். அலமீடா கவுன்ட்டியில் வடக்கே பனானாஸ். ஃப்ரீமான்ட், ஹேவர்ட் பக்கம் ‘ஃபோர் சீஸ்’. டப்ளின், பிளசன்டன், லிவர்மோர் பக்கம் ‘ஹைவ்லி’. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இருக்கும் ஊர்கள் இவை. ஆனால் இந்தப் பெயர்களைச் சொன்னால் பலர் “அது என்ன?” என்றுதான் கேட்கிறார்கள்.

பட்டியலில் வரும் இடங்கள் என்ன வகை?

பட்டியல் வந்ததும் இரண்டு சொற்கள் கண்ணில் படும். ‘சென்டர்’ என்பது பள்ளிக்கூடம் மாதிரித் தனிக் கட்டடத்தில், வயது வாரியாக வகுப்பு பிரித்து நடப்பது. ‘ஃபேமிலி சைல்ட் கேர் ஹோம்’ என்பது நாம் ஹோம் டே கேர் என்று சொல்வது. நடத்துகிறவர் தன் சொந்த வீட்டிலேயே, கலந்த வயதுக் குழந்தைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்வார். சிறிய லைசென்ஸில் அதிகபட்சம் 8 குழந்தைகள். பெரியதில் 14 வரை, அதற்கு உதவியாளர் கட்டாயம்.

ஹோம் டே கேர் என்றாலே தரம் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் இளையவன் எட்டு மாதத்தில் ஒரு ஹோம் டே கேரில்தான் சேர்ந்தான். பெரிய வகுப்பில் அழுதுகொண்டே இருந்த பிள்ளை, அங்கே நாலு வயது அக்கா ஒருத்தியின் பின்னாலேயே தவழ்ந்து திரிந்தான். சென்டரின் பலம் வேறு. ஒரு டீச்சர் லீவு போட்டால் இன்னொருவர் இருப்பார். ஹோம் டே கேரில் நடத்துகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு உங்களுக்கும் லீவுதான்.

இனி அந்த ‘ஆன்ட்டி வீடு’. தன் சொந்தக் குழந்தைகளோடு இன்னும் ஒரே ஒரு குடும்பத்தின் குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்கிறவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. உறவினருக்கும் தேவையில்லை. வெவ்வேறு வீட்டுக் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டால், நாலு பேரோ ஐந்து பேரோ, லைசென்ஸ் கட்டாயம். “நம்ம ஊர்க்காரங்க, நல்லவங்க” என்பது உண்மையாகவே இருக்கட்டும். லைசென்ஸ் இருந்தால் அந்த வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் கைரேகையும் எடுத்துக் குற்றப் பின்னணி பார்த்திருப்பார்கள். ஆன்ட்டியின் கணவர், கல்லூரிக்குப் போகும் மகன் உட்பட. நீச்சல் குளம் இருந்தால் அதைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்கு வேலி இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். லைசென்ஸ் இல்லாத வீட்டில் இதையெல்லாம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆன்ட்டியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரையே ஆர் அண்ட் ஆருக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று புதியவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுப்பதும் அவர்களுடைய வேலைதான். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரர் ஹோம் டே கேரைத் தடுக்க முடியாது என்பது 2020-இலிருந்து இந்த மாநிலத்தின் சட்டம்.

வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் நானிக்கு லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. அவர்களுக்காக ‘டிரஸ்ட்லைன்’ என்ற மாநிலப் பதிவேடு இருக்கிறது. கைரேகை கொடுத்து, குற்றப் பதிவும் குழந்தை வன்முறைப் பதிவும் இல்லை என்று உறுதியானவர்களின் பெயர் அதில் இருக்கும். நானி வைப்பதாக இருந்தால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சுருக்கமாக: சென்டர், ஹோம் டே கேர் இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு. நானிக்கு டிரஸ்ட்லைன். ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுப் பிள்ளைகளை லைசென்ஸ் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம் ஆர் அண்ட் ஆர் பட்டியலில் வராது.

லைசென்ஸ் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

எஃப்.சி. வாங்கிய வேனுக்குப் பிரேக் பிடிக்கும் என்று நம்பலாம். டிரைவர் பிள்ளைகளிடம் கனிவாகப் பேசுவாரா என்பதை எஃப்.சி. சொல்லாது. லைசென்ஸும் அப்படி ஒரு அடிக்கோடுதான். அதற்குக் கீழே போகக் கூடாது என்பது மட்டும் அதன் பொருள்.

ஆனால் லைசென்ஸோடு கூடவே ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதைப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவதே இல்லை. குழந்தைப் பராமரிப்புக்கான கூட்டாட்சி நிதிச் சட்டத்தை 2014-இல் புதுப்பித்தபோது, ஆய்வாளர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும், அந்த அறிக்கைகளைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் பிரிவின் தளத்தில் டே கேரின் பெயரையோ லைசென்ஸ் எண்ணையோ போட்டால் வந்துவிடும்.

அதைப் படிப்பது கஷ்டமில்லை. குறை கண்டால் இரண்டு வகையாகப் பிரித்து எழுதுவார்கள். ‘டைப் ஏ’ என்றால் குழந்தையின் உடலுக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து. ‘டைப் பி’ என்றால் சரிசெய்யாமல் விட்டால் பிறகு ஆபத்தாகக் கூடியது.

நான் பார்த்த இரண்டு அறிக்கைகளைச் சொல்கிறேன். ஒரு ஹோம் டே கேரில் ஒரு டைப் பி இருந்தது. உதவியாளர் ஒருவரின் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. சில நாளில் புதுச் சான்றிதழ் காட்டிச் சரிசெய்துவிட்டார்கள் என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது. இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் நடக்கும் இடத்தில் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். இன்னொரு இடம் பார்க்க அவ்வளவு அழகு, சுவரெல்லாம் ஓவியம், வாசலிலேயே நல்ல வரவேற்பு. அறிக்கையில், ஆய்வாளர் போன நேரத்தில் ஒரு டீச்சரிடம் அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகக் குழந்தைகள் இருந்தார்கள் என்று டைப் ஏ. அடுத்த வருடம் மறுபடி அதே குறை. அழகான சுவரை மறந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனோம். ஒரு குறை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அதே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கும் ஈடு எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் குழந்தையைச் சேர்த்த பிறகு, அது அங்கே இருக்கும் நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் உள்ளே போய்ப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. சேரும்போதே அதை எழுத்தில் கொடுப்பார்கள். மதியம் தூங்கும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கைக்குழந்தை தூங்கும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்பது விதி. தொட்டில்களுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் இருக்கும். 12:15, 12:30, 12:45 என்று கட்டங்கள் நிரம்பியிருக்கும். 1:10 மணிக்கு நீங்கள் போகும்போது 2:00 மணி வரை மொத்தமாக டிக் போட்டிருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

தூக்கம் என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல். பாட்டி தூளியில் ஆட்டித் தூங்கவைத்த பிள்ளையாக இருந்தால், டே கேரில் தூளி கிடையாது. துணியில் சுற்றிவைக்கவும் கூடாது, போர்வை கூடாது. சமதளமான தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். பாட்டி ஊருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் பழக்க ஆரம்பித்தால், குழந்தைக்குப் பிரிவும் புதுத் தூக்கமும் ஒரே நாளில் வந்து விழாது.

கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் இடமே இல்லை?

“மூணு வயசுன்னா நாளைக்கே வாங்க, அஞ்சு மாசம்னா அடுத்த வருஷம்” என்று டே கேர் சொன்னால், நம்மை அலைக்கழிக்கிறார்கள் என்று தோன்றும். காரணம் ஒரு எண்ணில் இருக்கிறது. ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைகள் என்று அரசு விதித்திருக்கும் வரம்பு அது. இங்கே ‘ரேஷியோ’ என்பார்கள். கலிஃபோர்னியா சென்டர்களில் இரண்டு வயதுக்குள் என்றால் ஒரு டீச்சருக்கு 4 குழந்தைகள். ப்ரீஸ்கூல் வயதில் ஒருவருக்கு 12.

கணக்குக்காக ஒரு டீச்சருக்கு மாதம் 4,800 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ப்ரீஸ்கூல் வகுப்பில் அதை 12 குடும்பங்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 400 டாலர். கைக்குழந்தை அறையில் 4 குடும்பங்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 1,200. வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். டே கேர் காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை திறந்திருக்கும். ஒரு டீச்சர் எட்டு மணி நேரம்தான் வேலை செய்வார், மிச்ச நேரத்துக்கு இன்னொருவர் வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் நாலு வீட்டில் வாங்க முடியாது என்பதால் பல சென்டர்கள் கைக்குழந்தை அறையைத் திறப்பதே இல்லை. ஹோம் டே கேரிலும் சிறிய லைசென்ஸில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மட்டும் என்றால் 4 பேர்தான்.

அந்த ரேஷியோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தீ பிடித்தால் ஒருவர் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசித்தால் நாலே அதிகமாகத் தெரிகிறது.

பண உதவி: யாருக்கு, எப்படி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விவரங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையைத் தானே தேர்ந்தெடுக்கிறார், பணம் மருத்துவமனைக்குப் போகிறது. இங்கே ‘வவுச்சர்’ என்பதும் அந்த மாதிரி. நீங்கள் தேர்ந்தெடுக்கும் டே கேருக்கு மானியத் திட்டத்தை நடத்தும் அமைப்பு பணம் கட்டும். குடும்ப வருமானம் மாநிலத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் மீதிப் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் தொகை) 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வேலை, படிப்பு, வேலை தேடல் என்று பராமரிப்பு தேவைப்படும் காரணமும் காட்ட வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். தகுதி இருந்தாலும் காத்திருப்புப் பட்டியல் உண்டு.

இருவரும் ஐ.டி.யில் இருந்தால் இது கிடைக்காது என்பது சரிதான். ஆனால் ஒருவர் மட்டும் சம்பாதித்து இன்னொருவர் படிக்கும் வீடு, லே ஆஃப் ஆன வீடு என்றால் எண்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நமக்கில்லை என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு, கஷ்டத்தில் இருந்த மாதங்களிலும் கேட்காமலே இருந்த குடும்பங்களை எங்கள் தமிழ்ப்பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன்.

நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு ஒரு வழியும் திறந்திருக்கிறது. 2025–26 கல்வியாண்டிலிருந்து, செப்டம்பர் 1-க்குள் நாலு வயது நிறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் ‘டி.கே.’ (ட்ரான்ஸிஷனல் கிண்டர்கார்டன், அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வருடம்) வகுப்பு இலவசம். அந்த வகுப்பு பெற்றோரின் ஆபீஸ் நேரம் முடியும்வரை நடக்காது. மீதி நேரத்துக்கு யார் என்ற கேள்விக்கு மறுபடி ஆர் அண்ட் ஆரைக் கூப்பிடலாம்.

கூப்பிடுவதற்கு முன்னும் பின்னும்

ஜிப் கோட், வேண்டிய தேதி, வேண்டிய நேரம், ஒரு மாதத்துக்கு எவ்வளவு முடியும் என்ற தொகை. இந்த நாலையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வீட்டு ஜிப் கோடோடு ஆபீஸ் ஜிப் கோடையும் கொடுங்கள்; பட்டியல் பெரிதாகும். மாநிலம் முழுவதையும் ஒரே இடத்தில் தேட ‘மை சைல்ட் கேர் பிளான்’ என்ற தளமும் இருக்கிறது. ஆனால் காலியிடம் பற்றிய தகவல் டே கேர்கள் சொன்னதை வைத்துத்தான் பதிவாகிறது. நேற்று காலியாக இருந்தது இன்று போயிருக்கும். அதனால் பட்டியல் வந்த அன்றே எல்லாரையும் கூப்பிட்டுவிடுங்கள். இடம் இல்லை என்றால் “இந்த வருஷம் எத்தனை பேர் கிண்டர்கார்டனுக்குப் போறாங்க?” என்று கேளுங்கள். கோடைக்காலத்தில் பெரிய பிள்ளைகள் கிளம்பும்போதுதான் வரிசை நகரும்.

பட்டியலில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் திரும்பக் கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள். எந்த ஊரில், எந்த வயதுக்கு, எந்த நேரத்துக்குக் கேட்டு இடம் கிடைக்கவில்லை என்பதை ஆர் அண்ட் ஆர் பதிவு செய்கிறது. எங்கே பற்றாக்குறை என்று கவுன்ட்டிக்கும் மாநிலத்துக்கும் எடுத்துச் சொல்ல அவர்களிடம் இருக்கும் ஆதாரம் நம்முடைய இந்த அழைப்புகள்தான். தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் வாட்ஸ்ஆப்பில் மட்டுமே கேட்டால், நம் தேவை அந்தக் கணக்கில் ஏறாது.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு: பெயர் மாறும், ஏற்பாடு இருக்கும். நான் மேலே சொன்ன 2014 சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். ஆய்வு அறிக்கைகளோடு ஒரு தளம் உங்கள் மாநிலத்துக்கும் உண்டு. ‘சைல்ட் கேர் அவேர் ஆஃப் அமெரிக்கா’ என்ற தேசிய அமைப்பின் தளத்தில் ஜிப் கோட் போட்டால் உங்கள் பகுதிக்கான அமைப்பைக் காட்டும்.

இன்னும் ஒன்று. குழந்தை பிறந்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. கர்ப்பமாக இருக்கும்போதே கூப்பிடலாம். பிறந்த தேதிக்குப் பதில் டாக்டர் சொன்ன தேதியைச் சொன்னால் போதும். என் இரண்டாவது பிரசவத்துக்கு ஐந்தாம் மாதத்திலேயே அப்படித்தான் கேட்டு வாங்கினேன்.